எழும்பி நின்ற சனம்

யாழ்ப்பாணத்தில் ஒரு கொன்வென்ற் பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். அங்கே வயலின் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு முதல் வாரமே ஒரு கதை சொல்லுவார்கள். தீவுப்பகுதியில் மீன்பிடிகாரர் வீட்டில் பிறந்த மாக்கிறேற் என்ற பெண், ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தாறில், தன் சொந்தக் கரையில் தனியே நின்று வயலின் வாசித்தாளாம். வெள்ளைக்காரச் சங்கீதம் என்றால் என்னவென்றே அறியாத சனம், வாசிப்பின் நடுவில் அப்படியே எழும்பி நின்று மரியாதை செய்ததாம். கதையைச் சொல்லி முடித்துவிட்டு, மூலைக் கதிரையில் இருக்கிற மாக்கிறேற் ரீச்சரைக் காட்டுவார்கள். ரீச்சர் தலையைக் குனிந்துகொள்ளுவா. என்ன அடக்கம் என்று பிள்ளைகள் நினைக்கும்.

அடக்கமாவது மண்ணாங்கட்டியாவது. அது வெட்கம். பத்து வருசம் போயும் ஆறாத வெட்கம். சனம் எழும்பி நின்றது மெய்தான், அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. ஏன் எழும்பியது என்பதைத்தான் கொன்வென்றில் ஒருவரும் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மாக்கிறேற் சொல்லியிருக்க மாட்டாள்.

அவளுடைய தகப்பன் பஸ்ரியாம்பிள்ளை. ஊர்காவற்றுறைத் தீவின் மேலைக்கரையில் வலை இழுத்தும் வள்ளங்களுக்குப் பாய் தைத்தும் சீவித்த மனிதர். ஒருவருடைய வம்புக்கும் போகாதவர். அவரிடம் ஒரு பிடில் இருந்தது. வீட்டுக்கு வந்த வினை அந்தப் பிடில்தான்.

மேலைக்கரையில் கலியாணத்துக்கும் பிடில் உண்டு, கூத்துக்கும் உண்டு. ஆனால் அங்கெல்லாம் பாட்டுக்குப் பின்னால்தான் பிடில் போகும். பாட்டும் இல்லாமல், கூட ஒரு வாத்தியமும் இல்லாமல், பிடில் தனியே கேட்டால் அதற்கு ஒரேயொரு அர்த்தம்தான்: சவப்பெட்டி வருகிறது. செத்தவரை வீட்டிலிருந்து எடுத்துக் கோயில் வாசல் மட்டும் கொண்டுபோகும்போது பெட்டிக்கு முன்னால் பிடில்காரர் நடப்பார். அந்த வழியில் இருக்கிறவர்கள் எல்லாரும் எழும்பவேண்டும். வலை முடிகிறவன் ஊசியை வைத்துவிட்டு எழும்புவான். வேலிக்கு வேலி நின்று சண்டை பிடிக்கிற பெண்டுகள் வாயை மூடிக்கொள்ளுவார்கள். ஆம்பிளைகள் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடிப்பார்கள். பிடில் நிற்குமட்டும் ஒருவரும் குந்தி இருக்கவும் மாட்டார்கள், பேசவும் மாட்டார்கள். பிறகு வீட்டுக்குப் போய்ச் சாத்துடக்குக் கழிய முழுகினால்தான் வாயில் தண்ணீர் படும். அடுத்த நாள் காலமை, செத்தவருடைய ஆட்கள் ஒரு புது வெள்ளை லேஞ்சியைக் கொண்டுவந்து பிடிலின் கழுத்தில் கட்டிவிட்டுப் போவார்கள். பிடில்காரருக்குக் கூலி என்றால் அந்த முகம் துடைக்கிற துணி ஒன்றுதான்.

பஸ்ரியாம்பிள்ளைக்கு ஊர் வைத்த பேர் சாவீட்டுப் பிடில். மகள் சாவீட்டுப் பிடிலின்ரை பெட்டை. பிள்ளைகள் பொல்லாதவர்கள், கேட்கவா வேண்டும்? மாக்கிறேற் விளையாட வந்தால் போதும், மண்ணில் குந்தியிருந்து கெந்திக்கோடு கீறிக்கொண்டிருக்கிறதுகள் எல்லாம் ஒன்றாக எழும்பும். இல்லாத தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தொங்கவிட்டு நிற்கும். பிறகு சிரிப்பு. அவள் திரும்பி ஓடுமட்டும் சிரிப்பு.

பத்து வயதில் தாய் செத்தபோதும் தகப்பன்தான் பிடிலோடு முன்னுக்கு நடந்தார். வேறு ஆள் இல்லை. அவர் வாசித்தார், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பெட்டிக்குப் பின்னால் நடந்த மாக்கிறேற்றுக்கு அம்மாவைவிட அந்தப் பிடிலின் மேல்தான் கண் போனது. அதைப் பிடுங்கிக் கடலில் எறியவேண்டும் போல இருந்தது.

தாயில்லாப் பிள்ளை என்று கொன்வென்றில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே மதர் பேர்னடின் என்ற ஐரிஷ் கன்னியாஸ்திரி வயலின் பழக்கினார். ஒரு நாள் அலுமாரியைத் துடைக்க விட்ட பெட்டை, அதற்குள் இருந்த வயலினை எடுத்துத் தோளில் சரியாக வைத்ததைக் கண்டு மதர் திகைத்துப்போனார்.

"இதை எங்கை பழகினனீர்?"

"சும்மா பாத்துப் பழகினது, மதர். அப்பு கோயிலிலை வாசிக்கிறவர்."

கோயில் வாசல் மட்டும் என்று அவள் சொல்லவில்லை. அதுதான் முதல் பொய். பொய்யென்று பிடிக்கவும் ஏலாத பொய். அன்றிலிருந்து அவள் வாயில் பிடில் என்ற சொல் வந்ததில்லை. வயலின், வயலின் என்றே சொன்னாள். பள்ளி விடுதலைக்கு வீட்டுக்கு வந்தால் தகப்பனையும் திருத்துவாள். "பிடில் இல்லை அப்பு, வயலின்." அவர் பாயைத் தைத்துக்கொண்டே "ஓம் ஓம், வயலின்" என்பார்.

பத்தொன்பதாம் வயதில், லண்டனிலிருந்து நடத்துகிற வயலின் சோதினையின் மேல்வகுப்பில் தேறினாள். தீவுப்பகுதியில் அதற்கு முன் ஒருவரும் தேறவில்லை. மதருக்குத் தலைகால் புரியவில்லை. சங்கீதக்காரருக்குப் பாதுகாவலான செசிலியம்மாவின் திருநாளில், நவம்பர் இருபத்திரண்டாந் தேதி ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், மேலைக்கரைப் பள்ளிக்கூடத்தில் மாக்கிறேற் தனியாக வாசிக்கவேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார்.

"யாழ்ப்பாணத்திலை வைப்பம், மதர். அங்கை ஆருக்கும் விளங்காது" என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள்.

"உம்முடைய சனம் கேட்கவேணும். விளங்காட்டில் விளங்கப் பண்ணும்."

இரண்டு கிழமை நித்திரையில்லாமல் கிடந்தவளுக்கு, மெல்லமெல்ல வேறொரு ஆசை பிடித்தது. வெள்ளை உடுப்போடு மேடையில் நின்று, அச்சடித்த நிகழ்ச்சித்தாளோடு, விரல் தெரியாத வேகத்தில் வாசித்துக் காட்டினால் இந்தச் சனத்துக்குத் தெரியாமலா போகும்? அப்புவின் பிடில் வேறு, இது வேறு என்று ஒரே பின்னேரத்தில் விளங்கிவிடும். சாவீட்டுப் பிடிலின்ரை பெட்டை என்ற பேர் அன்றோடு ஒழியும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். கைதட்டுக்கூட வேண்டாம், அந்தப் பேர் போனால் போதும்.

நாளைப் பார்த்தீர்களா? நவம்பர் மாதம். ஆத்துமாக்களின் மாதம். ஊர் முழுக்க, செத்தவர்களைப் புதைத்த சேமக்காலைக்குப் போய்ச் செபித்து, மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருகிற மாதம். ஐரிஷ் மதருக்கு அது தெரியும். ஆனால் மேலைக்கரைக்குத் தெரிகிற மாதிரித் தெரியாது.

அன்று பின்னேரம் மழை விட்டிருந்தது. மதரும் இரண்டு சிஸ்டர்மாரும் கொழும்பிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டியும் லோஞ்சில் கடல் தாண்டி வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு முன்வரிசையில் கதிரை. பின்னால் வாங்குகள். அதற்கும் பின்னால் பாய் விரித்து, கரைச் சனம். இருநூறு பேருக்குக் குறையாது. பக்கத்து அறையில் தேத்தண்ணியும் வாய்ப்பனும் வாழைப்பழமும் ஆயத்தமாக இருந்தன. பஸ்ரியாம்பிள்ளை தோய்த்த வேட்டியோடு வந்து, மகளின் வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் இருந்தார்.

முதல் துண்டு ஓர் இத்தாலியன் எழுதியது, துள்ளுகிற துண்டு. ஒரு சிஸ்டர் கூட இருந்து ஆர்மோனியம் வாசித்தார். சனத்துக்குப் பிடித்துக்கொண்டது. வில் ஓடுகிற வேகத்தைப் பார்த்துப் பெண்டுகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். "கை கழண்டு விழப்போகுது" என்று வாங்கிலிருந்து ஒருவர் சொன்னதும் கேட்டது. மாக்கிறேற்றுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அவள் நினைத்தது நடக்கிறது.

இரண்டாவது துண்டுக்கு ஆர்மோனியம் இல்லை. சிஸ்டர் எழும்பி மேடையை விட்டு இறங்கிப் போனார். ஒரு ஜேர்மன்காரர் வயலினுக்கென்றே தனியாக எழுதிய துண்டு, மெதுவானது, இரண்டு தந்தி ஒன்றாகப் பேசுவது. அதை வாசிக்கப் படிக்கவே அவளுக்கு ஒன்றரை வருசம் போயிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினாள்.

நாலு வில் இழுத்திருப்பாள். மண்டபத்தில் ஒரு சரசரப்பு. கண்ணைத் திறந்தாள்.

பாயில் இருந்த திரேசம்மா எழும்பி நின்றாள். கைம்பெண். அவளுடைய ஒரே மகன் சந்தியோகு மூன்று வருசத்துக்கு முன் கடலுக்குப் போனவன் போனவன்தான். உடம்பு கரைக்கு வரவில்லை. பெட்டி இல்லாதபடியால் அவனுக்குப் பிடிலும் இல்லை. திரேசம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தவள் அண்ணாந்து பார்த்தாள், அவளும் எழும்பினாள். அதற்குப் பக்கத்தவள். பிறகு வாங்குகள். ஆம்பிளைகள் தலைத்துண்டை அவிழ்த்தார்கள். ஒருவரும் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. பாயில் கிடந்த குழந்தைகளைத் தாய்மார் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

பழையபடி என்னைப் பழிக்கிறார்கள் என்றுதான் மாக்கிறேற் முதலில் நினைத்தாள். அந்தக் கெந்திக்கோட்டுப் பிள்ளைகள் வளர்ந்து வந்து நிற்கிறார்கள் என்று நினைத்தாள். பிறகு முகங்களைப் பார்த்தாள். ஒரு முகத்திலும் சிரிப்பில்லை. பழிப்பென்றாலும் தாங்கியிருக்கலாம். இவர்கள் மெய்யாகவே நிற்கிறார்கள். காதில் விழுந்தது இவர்களுக்கு ஜேர்மன்காரரும் இல்லை, லண்டனும் இல்லை. பாட்டில்லாத பிடில்.

கடைசியாக எழும்பியவர் பஸ்ரியாம்பிள்ளை. அவருக்கு வித்தியாசம் தெரியும். தன் கையால் வாசிக்கிறவருக்குத் தெரியாதா? கொஞ்ச நேரம் மகளைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார். பிறகு வயலின் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மெல்ல எழும்பி, தலைத்துண்டை அவிழ்த்தார். அதைக் கண்டபோதுதான் மாக்கிறேற்றுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல வந்தது. மேடையில் உடுப்பில்லாமல் நிற்கிறது போல உடம்பு கூசியது.

நிற்பாட்டியிருக்கலாம். நிற்பாட்டினால் ஏன் என்று மதர் கேட்பார். அந்தத் துண்டை முடித்து, ஒரு மூச்சுக்கூட விடாமல், மூன்றாவது துண்டுக்குப் பாய்ந்தாள். அதுதான் நிகழ்ச்சியின் முத்து. வில் துள்ள, இடக்கை விரலே தந்தியைச் சுண்ட, கேட்கிறவர் மலைக்கவேண்டிய துண்டு. இதைக் கேட்டாலாவது இருப்பார்கள் என்று நினைத்தாள். எங்கே இருப்பது? பிடில் நிற்காமல் இந்தக் கரையில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, அந்தத் துள்ளலுக்கும் துடிப்புக்கும் இருநூறு பேர் துக்கத்தோடு நின்றார்கள். அவள் ஒரு சுரமும் பிசகவில்லை. கோபத்தில் விரல் இன்னும் நன்றாக ஓடியது.

முடிந்தது. சனம் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போனது. தேத்தண்ணி ஆறிக் கிடந்தது. ஒரு வாய்ப்பனை ஒருவரும் தொடவில்லை. தொடுவார்களா? எல்லாரும் முழுகப் போகிறார்கள். கிணற்றடிகளில் வாளி விழுகிற சத்தம் மண்டபத்துக்குக் கேட்டது.

முன்வரிசையிலும் எழும்பித்தான் நின்றார்கள். மதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். வெள்ளைக்காரச் சீமாட்டி கையுறை போட்ட கையால் இன்னும் தட்டிக்கொண்டிருந்தா. மதர் மாக்கிறேற்றின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீரோ பிள்ளை? உம்முடைய சனம் உமக்கு எழும்பி நிண்டு மரியாதை செய்தது. கொழும்பிலைகூட நான் இப்பிடிக் காணேல்லை."

பெட்டியைக் கொடுக்க வந்த தகப்பன் பக்கத்திலேயே நின்றார். மாக்கிறேற் அவரைப் பார்க்காமல் சொன்னாள்:

"ஓம் மதர்."

மதர் ஆட்கள் அன்றே லோஞ்சில் திரும்பிவிட்டார்கள். மாக்கிறேற் அடுத்த நாள் மத்தியான லோஞ்சுக்கு நின்றாள்.

காலமை படலை திறந்தது. திரேசம்மா. முழுகித் தலை ஈரம் காயாமல், தோய்த்த சேலையோடு வந்திருந்தாள். கையில் ஒரு புது வெள்ளை லேஞ்சி, நாலாய் மடித்தது. பஸ்ரியாம்பிள்ளை முற்றத்தில் பாய் தைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் போகாமல், குசினி வாசலில் நின்ற மாக்கிறேற்றிடம் வந்தாள்.

"பிள்ளை, உம்மடை பிடிலை ஒருக்கால் எடுத்துத் தாரும். கட்டிப்போட்டுப் போறன்."

மாக்கிறேற் வாசலை விட்டு அசையவில்லை.

"மூண்டு வருசம் நான் முழுகாமல் இருந்த மாதிரித்தான், பிள்ளை. குளிச்சனான், முழுகேல்லை. நேற்றுத்தான் முழுகினனான். ஊர் முழுக்க எழும்பி நிண்டு என்ரை பிள்ளையை அனுப்பினவை. ராத்திரி அவன்ரை படுக்கிற பாயைச் சுருட்டி மேலை வைச்சிட்டன். உமக்கு நான் என்னத்தைச் செய்ய?"

வேறு யாராக இருந்தாலும் உருகியிருப்பார்கள். ஆனால் மாக்கிறேற்றின் கண்ணில் பட்டது அந்த லேஞ்சிதான். சின்ன வயதிலிருந்து அப்புவின் பிடிலில் தொங்கிய அதே வெள்ளைத்துணி. அதை இப்போது தன் வயலினில் கட்டப்போகிறார்கள். கட்டினால் அந்தப் பேர் இனிச் சாகுமட்டும் போகாது. நேற்றிலிருந்து உள்ளே கொதித்தது எல்லாம் அந்தப் பாவப்பட்ட மனுசியின் தலையில் கொட்டுண்டது.

"மாமி, அது சாவீட்டு வாசிப்பில்லை. அது லண்டன் சோதினைக்குப் படிச்சது. அதுக்கும் உங்கடை மகனுக்கும் ஒரு தொடுசலும் இல்லை. நான் ஆருக்கும் வாசிக்கேல்லை. நீங்கள் எழும்பினது உங்கடை பிழை. இது வயலின். இதிலை லேஞ்சி கட்டுறேல்லை."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். நல்ல தெளிவாக, கொன்வென்றில் பாடம் ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னாள்.

திரேசம்மா கோபிக்கவில்லை. அவள் கோபித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். மடித்த லேஞ்சியை இன்னும் ஒருமுறை மடித்தாள்.

"அவனுக்கில்லையே?"

"இல்லை."

"அப்ப சரி பிள்ளை. நான்தான் பிழையா விளங்கிப்போட்டன். அப்ப அவன் இன்னும் வெளியிலைதான்."

படலையைச் சாத்திவிட்டுப் போனாள். பஸ்ரியாம்பிள்ளை ஊசியைப் பாயில் குத்தி வைத்துவிட்டு, மகளை நிமிர்ந்து பார்த்தார். அவளை ஏசி அறியாதவர்.

"நேற்று மதருக்கு ஓம் எண்டனி. இந்த மனுசிக்கும் ஒரு ஓம் சொல்லியிருக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு ஊசியை எடுத்துத் தைக்கத் தொடங்கினார். லோஞ்சுத்துறை மட்டும் அவளுடைய பெட்டியைக் காவிக்கொண்டு வந்தார்.

மாக்கிறேற் யாழ்ப்பாணத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். போன இடமெல்லாம் அப்பு சொன்ன அந்த வார்த்தை கூடவே போனது. பள்ளிக்கூடச் சஞ்சிகையில் மதர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார், ஊரே எழும்பி நின்றதைப் பற்றி. அதைப் படித்த பிள்ளைகள் கண்ட இடத்தில் அவளுக்கு வணக்கம் சொன்னார்கள். ஒன்றரை வருசம் படித்த ஜேர்மன்காரரின் துண்டைத் தொடவே கை கூசியது. ஒரு பொய் அந்த மனுசியை ஆற்றியிருக்கும், அதைச் சொல்ல மனம் வரவில்லை. தன்னைப் பெரிய ஆளாக்குகிற பொய்க்கு மட்டும் உடனே வாய் திறந்தது. தன்னைப் பற்றி அவளுக்கே இப்படித் தெரிந்துபோனது. தெரிந்த பிறகு முகத்தைக் கண்ணாடியில் பார்ப்பது கஷ்டம்தானே.

டிசம்பரில் நத்தார் விடுதலைக்கு வந்தாள். பூசை முடிந்த மூன்றாம் நாள், வயலினையும் தூக்கிக்கொண்டு திரேசம்மாவின் வீட்டுக்குப் போனாள். திரேசம்மா முற்றத்தில் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் நடவாதது போல, "வாரும் பிள்ளை, இரும்" என்று ஓலைத் தடுக்கை இழுத்துப் போட்டாள்.

மாக்கிறேற் இருந்தாள். வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு வந்ததைச் சொன்னாள்.

"மாமி, அண்டைக்கு நான் சொன்னது பொய். நான் சந்தியோகு அண்ணைக்குத்தான் வாசிச்சனான்."

திரேசம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இப்ப சொல்லுறீர் பாரும், இதுதான் பொய். அண்டைக்குச் சொன்னது மெய். உம்மடை முகத்திலை தெரிஞ்சது."

மாக்கிறேற் வயலின் பெட்டியை மடியில் இழுத்து வைத்தாள்.

"அப்ப இப்ப வாசிக்கிறன் மாமி. அவருக்கெண்டே வாசிக்கிறன். அப்புவையும் கூட்டிவாறன்."

"வேண்டாம், பிள்ளை." திரேசம்மா கருவாட்டை விட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து முன்னால் குந்தினாள். "வாசிக்கிறதெண்டா உம்மடை அப்புவைக் கேட்டிருந்தா எண்டைக்கோ வாசிச்சிருப்பார். நல்ல மனுசன். பெட்டியில்லாதவனுக்கு ஊர் எழும்பாது எண்டுதான் நான் கேக்கேல்லை. அண்டைக்கு ஒருதரும் சொல்லாமல் எல்லாரும் எழும்பினவை. என்னோடை வந்து, சந்தியோகுக்கு ஒரு குறையும் இல்லை எண்டு சொன்னவை. அப்பிடி இனி நடக்குமே?"

"நான் எல்லாரிட்டையும் போய்ச் சொல்லுறன் மாமி. அது அவருக்குத்தான் எண்டு சொல்லுறன்."

"அதுக்கும் ஏலாது." திரேசம்மா கொஞ்சம் தயங்கினாள். பிள்ளையின் மனம் நோகுமே என்று தயங்கினாள் போல. "நீர் இல்லையெண்ட பிறகு, அண்டைக்கே நான் வீடு வீடாய்ப் போய்ச் சொல்லிப்போட்டன். அது என்ரை பிள்ளைக்கில்லையாம், படிப்பு வாசிப்பாம், நான் பிழையா எழும்பிப்போட்டன், நீங்களும் எனக்காக மினைக்கெட்டுப்போட்டியள் எண்டு. அவையளும் சரியெண்டிட்டினம். என்ன செய்யிறது? எங்களுக்கில்லாத மரியாதையை நாங்கள் வைச்சிருக்கக் கூடாதுதானே, பிள்ளை."

மாக்கிறேற் மடியில் கிடந்த வயலின் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரேசம்மா உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து நீட்டினாள். அதை வாங்கவும் அவளுக்குக் கை வரவில்லை, எழும்பிப் போகவும் ஏலவில்லை.